உள்ளங்கையில் சுரக்காத எண்ணெய்

காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் பட்டு நெய்வோரின் உள்ளங்கை வெடித்திருந்தால் மெல்லிய இழை அதில் சிக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இரவில் தேங்காயெண்ணெய் தடவி, காலையில் கழுவிவிட்டுத் தறியில் அமர்வது நலம்.

ஏனைய இடங்களில் மயிர்க்கால்களை ஒட்டியுள்ள இச்சுரப்பிகள் 'சீபம்' என்னும் நெய்ப்பொருளைச் சுரந்து, தோலும் கூந்தலும் வறளாது காக்கின்றன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீரால் சுரப்பு மிகுந்து, துளை அடைபட்டுப் பரு தோன்றும். இஃது அழுக்கினாலோ தீய ஒழுக்கத்தினாலோ வருவதன்று. ஆதலின் பெற்றோர் பிள்ளைகளைப் பழித்தல் ஆகாது. பருவைக் கிள்ளினால் தழும்பு நிலைத்துவிடக்கூடும்.

பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சைக்கு இந்நெய்யே உணவு. எனவே பொடுகுள்ள தலையில் எண்ணெயைத் தேக்கிவைத்தல் நன்றன்று. முதுமையில் சுரப்பு குறையும். நம் இல்லத்துப் பெரியோரின் வறண்ட கைகால்களுக்கு நாமே எண்ணெய் தடவிவிடுவோமாக.