இருளிற் பிறந்த சொல்

ஆங்கிலம் பயில்வார் சிலர் டெமெரிட்டி, டிமிடிட்டி என்னும் இரு சொற்களையும் ஒலியொப்புமையால் மயங்கி, ஒன்றன் பொருளை மற்றொன்றற்குக் கொள்வர். பின்னது அச்சமுடைமை. முன்னதோ, அஞ்சவேண்டிய இடத்தும் அஞ்சாது, விளைவு நோக்காது, ஒரு செயலிற் பாய்தல். தமிழில் இதனை ஆராயாத் துணிவு எனலாம்.

இச்சொல் இலத்தீன் மொழியினின்று ஆங்கிலம் புகுந்தது. அம்மொழியில் தெமெரே என்பது 'குருட்டாம்போக்காக' எனப் பொருள்படும். அதனடியாகப் பிறந்த தெமெரித்தாஸ் என்னும் பெயரே டெமெரிட்டி எனத் திரிந்தது. இருளைக் குறித்த பழைய வேரொன்றே இதற்கு மூலம் என்பர் மொழிநூலார். இருள் எனப் பொருள்படும் தெனெப்ரே என்னும் இலத்தீன் சொல்லும், தமஸ் என்னும் வடசொல்லும் அவ்வேரின் கிளைகளே. எனவே, துணிவின் மிகுதியைவிடப் பார்வையின் குறைவையே இச்சொல் முதற்கண் சுட்டிற்று என்பது புலனாம்.

உரோம அறிஞர் சிசரோ, கி.மு. 44இல் முதுமையைக் குறித்து இயற்றிய நூலில், தெமெரித்தாஸ் இளமைக்கும் புரூதென்தியா முதுமைக்கும் உரியவை எனக் கேட்டோ என்னும் முதியவர் வாயிலாக உரைக்கின்றார். புரூதென்தியா என்பது விவேகம். 'முன்னோக்கிக் காண்டல்' என்பதே அதன் சொற்பொருள். ஒன்று காணாமை, மற்றொன்று காண்டல். இவ்வளவில் அவர் கூற்று நன்று. ஆயின் காணாமை இளைஞர்க்கே உரியதோ?

உரோமர் வரலாறே இதற்கு விடை பகரும். கி.மு. 217இல் கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபால் இத்தாலியில் ஊர்களைச் சூறையாடிச் சென்றபோது, மற்றைக் கான்சலின் படை வருமளவும் பொறுத்திருக்குமாறு பிளமினியஸ் என்னும் கான்சலுக்குப் பலரும் கூறினர். அவர் செவிசாய்த்திலர். வைகறையில், ஒற்றரை முன்விடுக்காமல், டிராசிமீன் ஏரிக்கும் குன்றுகளுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியிற் படையைச் செலுத்தினார். ஏரியினின்று எழுந்த மூடுபனி கண்ணை மறைத்தது. குன்றுகளிற் பதுங்கியிருந்த பகைவர் முன்னும் பின்னும் பக்கத்தும் பாய்ந்தனர். ஏறத்தாழ 15,000 உரோமர் மாண்டனர்; பிளமினியஸும் மடிந்தார். அவர் இளைஞரல்லர். கி.மு. 223இலேயே ஒருமுறை கான்சலாகவும், 220இல் சென்சாராகவும் இருந்தவர்.

அவருக்குப்பின் தலைமையேற்ற பேபியஸ், நேர்நின்று பொராமல் குன்றுகள் வழியே பகைவரைத் தொடர்ந்து, காலம் நீட்டித்தே அவரை நலியச் செய்தார். மக்கள் அவரைத் தாமதிப்பவர் என இகழ்ந்தனர். மறு ஆண்டில் அவர் வழியைக் கைவிட்டுக் கன்னே என்னுமிடத்தில் போர்புரிந்து பேரழிவுற்றபின்னரே அவர் அருமை உணர்ந்தனர்.

தாமதம் என்னும் சொல்லை ஈண்டு நோக்குக. இதுவும் தமஸ் என்னும் வடசொல்லடியாகத் தமிழில் வழங்குவதே. மயக்கமும் மடியும் உடைய தாமத குணத்தைக் குறித்த சொல், பின்னர்க் காலநீட்டிப்பையும் குறிக்கலாயிற்று. ஓர் இருளினின்றே இலத்தீனார் பதற்றத்திற்குப் பெயர் கண்டனர்; நாம் சுணக்கத்திற்குப் பெயர் கொண்டோம். வழி தெரியாதவன் ஓடினும் இடர், நின்றுவிடினும் இடர். பேபியஸ் தாமதித்தது இருளினால் அன்று; பகைவரைக் கண்டு அறிந்தே அவர் காலம் பார்த்திருந்தார்.

இக்கால ஆங்கிலத்தில், பெரியோர் கூற்றை இளையோர் மறுத்து வினவும்போதும் இச்சொல்லை அவர்மேல் எறிவதுண்டு. நன்கு கற்று, ஆராய்ந்து, பணிவோடு வினவுவோர்க்கு அப்பெயர் சாலாது. ஆராயாது மறுப்போர்க்கும், ஆராயாது அடக்குவோர்க்கும் ஒருங்கே பொருந்தும். ஆதலின், மாணவ நண்பர்காள், நம் துணிவைக் குறைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. ஒன்றைச் சொல்லுமுன்னும் செய்யுமுன்னும் அதனை ஆராய்ந்து காண்போமாக.