மூட்டு எப்படி என்று கேளுங்கள்

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், பொறுமையாகப் பேச வேண்டிய விஷயம். ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது: சுவரையும் தளத்தையும் எங்கோ வார்த்து, டிரெய்லரில் கொண்டுவந்து, கிரேனால் அடுக்குகிறார்களே, நிலநடுக்கத்தில் நிற்குமா?

நியாயமான பயம்தான். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் ஏற்பட்ட நடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. அடுத்த ஆண்டு, நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 விதிகளைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள்.

பூமி குலுங்கினால் ஒவ்வொரு தளமும் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பு தளத்திலிருந்து சுவருக்கும், சுவர் வழியே அஸ்திவாரத்துக்கும் இறங்க வேண்டும். சென்ட்ரிங் அடித்து அங்கேயே வார்க்கும் கட்டடத்தில் கம்பி தொடர்ந்து ஓடுகிறது. இப்படி எங்கோ வார்த்துக் கொண்டுவந்து அடுக்கும் பிரிகாஸ்டில் அந்தத் தொடர்ச்சியை மூட்டுக்கு மூட்டு நாம்தான் உண்டாக்க வேண்டும். ஆட்டம் காணும் நாற்காலியைப் பாருங்கள். கட்டை முறிந்திருக்காது, மூட்டு விட்டிருக்கும்.

1988 டிசம்பர் நிலநடுக்கத்தில் ஆர்மீனியாவின் லெனினாகன் நகரம் இதைக் கொடூரமாகக் காட்டியது. பிரிகாஸ்ட் தூண், உத்தரம் வைத்துக் கட்டிய ஒன்பது மாடிக் கட்டடங்களில் பெரும்பாலானவை நொறுங்கின. தளப் பலகைகளைச் சரியாகப் பிணைத்திருக்கவில்லை. அதே ஊரில் பெரிய சுவர்ப் பேனல்களால் கட்டியவை நின்றன. இரண்டுமே பிரிகாஸ்ட்தான்! 2001 புஜ் நடுக்கத்திலும் கட்ச் பகுதியின் புதிய பிரிகாஸ்ட் பள்ளிகள் பலவற்றில் கூரைப் பேனல்கள் விழுந்தன. அங்கேயும் இணைப்பில்தான் கோளாறு.

ஆகவே பிரிகாஸ்ட் என்றாலே ஒதுக்காதீர்கள். பெரும்பாக்கத்தில் 2022-ல் திறக்கப்பட்ட 1,152 வீடுகளும் இந்த முறையில் கட்டியவையே. கீழே வெறும் தூண்களில் கார் நிறுத்தம், மேலே கனத்த சுவர்கள் என்று நிற்கும் சாதாரண அடுக்குமாடியைவிட, ஒழுங்காகப் பிணைத்த பேனல் கட்டடத்தையே நான் நம்புவேன்.

கவலை கிரவுட்டில், அதாவது மூட்டை நிரப்பும் சிமென்ட் கலவையில், இருக்கிறது. கீழ்ச் சுவரிலிருந்து நீளும் கம்பி மேல் சுவரின் குழாய்க்குள் போகும்; அதைச் சுற்றிக் கிரவுட் முழுக்க நிறைய வேண்டும். பாதி நிறைந்தாலும் வெளியே தெரியாது. வேலை நடக்கும்போதே பார்த்துப் பதிவு செய்தால்தான் உண்டு. தளப் பலகைகளுக்கு மேலும் கம்பி வலை வைத்துக் கான்கிரீட் போட்டால்தான் எல்லாம் ஒரே தட்டாக இயங்கும்.

அம்பத்தூர், ஆவடி ஏரிகளை ஒட்டிய இளகிய மண் ஆட்டத்தைக் கூட்டவும் செய்யும். முன்பணம் கொடுக்கும் முன் மண் பரிசோதனை அறிக்கை, மூட்டு வரைபடம், கிரவுட் சோதனைப் பதிவு மூன்றையும் கேட்டு வாங்கி, உங்களுக்குத் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள். தர மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.