பருப்பும் புஜபலமும்

நாற்பது வருஷமாக மும்பையில் பருப்பு வியாபாரம் செய்பவன் நான். வைத்தியம் படித்தவன் அல்லன். விற்கிற சரக்கின் குணம் தெரிய வேண்டாமா என்று தொடங்கிய படிப்பு இன்னும் விட்டபாடில்லை. கடைக்கு வரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் இப்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அங்கிள், முட்டை, கோழி இல்லாம உடம்பு ஏறாதுன்னு ஜிம்முல சொல்றாங்களே, நெஜமா?"

புரதத்திற்கு ஐரோப்பியர் வைத்த 'புரோட்டீன்' என்ற பெயர் 1838இல் அச்சில் வந்தது. முதன்மையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. உழைக்கும்போது தசை தன் புரதத்தையே எரித்துச் சக்தி பெறுகிறது என்று ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் சொல்லிவந்தார். 1865இல் ஃபிக், விஸ்லிசேனஸ் என்ற இரு பேராசிரியர்கள் இதைச் சோதிக்க சுவிட்சர்லாந்தில் ஃபால்ஹார்ன் மலை ஏறினார்கள். சாப்பிட்டது புரதம் இல்லாத மாவுப் பண்டம், கொழுப்பில் பொரித்தது (நம்ம ஊர் பணியாரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்). சிறுநீரில் வெளியேறிய நைட்ரஜனை அளந்து பார்த்தால், எரிந்த புரதம் மலையேறத் தேவையான சக்திக்குப் போதவே போதாது. ஆக, உழைப்புக்கு விறகு மாவும் கொழுப்பும்தான். புரதம் முக்கியமாகச் செங்கல்.

அந்தச் செங்கல் சுவர் நின்ற இடத்தில் நிற்பதும் இல்லை. நம் உடலில் தினமும் சுமார் 250 முதல் 300 கிராம் புரதம் உடைந்து மீண்டும் கட்டப்படுகிறது. உடைந்ததில் பெரும்பகுதியை உடம்பே திரும்ப எடுத்துக்கொள்கிறது. குறைவதை மட்டும் நாம் சாப்பிட்டு ஈடு செய்கிறோம். பளு தூக்கினால் கட்டும் வேலை ஒரு நாளுக்கு மேலேயும் வேகமாக நடக்கும். அந்த நேரத்தில் உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்கள், அதிலும் லியூசின் என்பது, 'கட்டு' என்று உத்தரவு கொடுக்கிறது. கொத்தனார் வராமல் செங்கல் மட்டும் வந்து இறங்கினால் வீடு எழும்புமா? 1994இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், சராசரி 87 வயதுள்ள 100 முதியோரைச் சோதித்தார்கள். பளுப் பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் கூடியது. சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் இல்லை.

எவ்வளவு வேண்டும்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்னது, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். என் போன்ற அறுபது தாண்டியவர்களுக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது நிபுணர் கருத்து. வயதானால் தசை அந்த உத்தரவைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை. தசைப் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு? 2018இல் 49 ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் லாபம் தெரியவில்லை. அதில் இன்னொரு கணக்கும் உண்டு. பயிற்சியால் கூடியது சராசரி ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கூடுதல் புரதத்தால் கிடைத்தது 300 கிராம்தான். பவுடர் விளம்பரத்தில் இது வராது.

இனி நம் தட்டைப் பார்ப்போம். துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் புரதம் உண்டு, உண்மைதான். ஆனால் ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு? மிஞ்சினால் 15 கிராம், புரதம் 3 கிராம். 'நாங்க தினம் பருப்புதான்' என்று சொல்லும் வீடுகளில் பல, பருப்புத் தண்ணீர் வீடுகள்தான்! இட்லி மூன்று, சாம்பார், 100 கிராம் அரிசிச் சோறு, 40 கிராம் பருப்பில் கெட்டியாகக் கூட்டு, 200 கிராம் தயிர், 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு பிடி வேர்க்கடலை, கால் லிட்டர் பால். இத்தனையும் சேர்ந்தால் 58 கிராம் ஆச்சு. 60 கிலோ பயில்வானுக்கு 96 வேண்டும். 50 கிராம் மீல் மேக்கர் 26 கிராம் தரும், 75 கிராம் பனீர் 13. கணக்கு சரியாகிவிட்டது, கோழி தேவைப்படவில்லை.

தாவரப் புரதம் மட்டம் என்பார்கள். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, வாஸ்தவம். ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். பிரேசிலில் 2021இல் வெளியான ஆய்வில், இறைச்சி உண்ணும் இளைஞர்களும் பால்கூடத் தொடாத இளைஞர்களும் 12 வாரம் ஒரே பயிற்சி செய்தார்கள். இரு தரப்புக்கும் புரதம் கிலோவுக்கு 1.6 கிராம், சைவர்களுக்குக் குறைந்ததைச் சோயாப் புரதத்தால் ஈடு செய்தார்கள். தசை வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை.

பொழுது சாய்ந்தபின் உண்ணாத எங்கள் ஜைனக் குடும்பங்களில் வேளைகள் குறைவு. அதனால் காலை உணவிலேயே பருப்பு ஏற வேண்டும். வெறும் உப்புமாவும் காபியும் போதாது; பச்சைப்பயறு தோசை, பெசரட்டு மாதிரி, நல்லது. பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள். வே என்பது சீஸ் செய்யும்போது பிரியும் நீரில் கிடைப்பது. சில இடங்களில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரெனட் சேர்ப்பதுண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு, எத்தனை கிராம் என்று தங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளவும்.