கல் பேசுமா?

நம்ம ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்குப் போகுதே சுண்ணாம்புக்கல், அதுல என்னென்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

கல்லைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். குமிழ் வந்தால் கார்பனேட் உண்டு. வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. வெறும் மணல்னா குமிழ் வராது.

சரி, கால்சியம் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு, இரும்பு எவ்வளவு? அதை எக்ஸ் கதிர் சொல்லும்! கல்தூள் மேல் எக்ஸ் கதிர் பட்டால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளிவிடும். நம்ம கைரேகை மாதிரி! இதை 1913-ல் அளந்து காட்டியவர் இங்கிலாந்து விஞ்ஞானி ஹென்றி மோஸ்லி. பாவம், 1915-ல் போரில் 27 வயதிலேயே இறந்துவிட்டார். ஆனால் சிமெண்ட் ஆய்வகங்களில் இன்றும் அவர் வழிதான்.

கலவை தப்பினால் சிமெண்டின் உறுதி குறையும். அப்புறம் அதில் கட்டிய வீடு?

கண்ணால் காண்பதும் பொய். சோதித்து அறிவதே மெய்!