கல்வராயன் மழையும் கைப்பேசிச் செய்தியும்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஆத்தூரையும் சின்னசேலத்தையும் தாண்டிப் போகிறவர்கள், வடதிசையில் வெகுதூரம் வரை கூடவே வருகிற ஒரு மலைத்தொடரைக் கண்டிருப்பார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகிய கல்வராயன் மலை அது. சின்னக் கல்வராயன் என்றும் பெரிய கல்வராயன் என்றும் இரு பிரிவாக வழங்கி, முன்னது ஏறக்குறைய 2,700 அடி உயரமும் பின்னது 4,000 அடி உயரமும் கொண்டு, கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் நெருங்கிவரும் இடத்தில் நிற்கும் அம்மலையின்மேல் பெய்யும் மழை, மலைவாசிகளுக்கு மட்டும் உரியதன்று. கிழக்குச் சரிவில் விழும் நீர் கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும், தென்மேற்குச் சரிவில் விழும் நீர் வசிஷ்ட நதியாகவும் இறங்கி, கள்ளக்குறிச்சி, விருத்தாசலம், ஆத்தூர் என்று வெவ்வேறு ஊர்களைக் கண்டு, முடிவில் வெள்ளாற்றில் ஒன்றாகிப் பரங்கிப்பேட்டையருகே சமுத்திரத்தை அடைகிறது.

ஆகையால் மலையடிவாரத்தில் குடியிருப்பவர், மழைக்காலத்து இரவுகளில் தம் வீட்டுக் கூரைமேல் விழும் மழையைக் காட்டிலும், கண்ணுக்கெட்டாத தொலைவில் மலைமேல் விழும் மழைக்கே அதிகம் அஞ்சவேண்டியவராக இருக்கிறார். கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையை நிரப்புவது, பொட்டியம், கல்படை, மல்லிகைப்பாடி, பரங்கிநத்தம் ஆகிய மலையாறுகள் கொண்டுவந்து சேர்க்கும் நீர். 46 அடி கொள்ளும் அவ்வணையில், பருவமழைக் காலத்தில் பாதுகாப்பைக் கருதி 44 அடி அளவிலேயே நீரை நிறுத்தி, மிகுந்து வருவதை ஆற்றில் விட்டுவிடுவது வழக்கம். 36 அடி கொள்ளும் மணிமுக்தா அணையின் விஷயமும் ஏறக்குறைய இதுவே. மேலே முன்னிரவில் கொட்டிய மழை விடியுமுன் அணையை எட்டிவிட, மதகுகள் திறக்கப்படும் அந்த நேரத்தில் கீழே ஆற்றங்கரையில் வானம் நிர்மலமாக இருப்பதும் உண்டு. பெரியார் நீர்வீழ்ச்சியிலும் மேகம் நீர்வீழ்ச்சியிலும் குளிக்கச் செல்கிற வெளியூர்க்காரர்கள் இதை உணராமலே அபாயத்தில் கால்வைக்கிறார்கள். தலைக்குமேல் வெயில் காய்கிறதென்ற தைரியத்தில் பாறைமேல் அமர்ந்திருக்கும்போது, மேலே எங்கோ பெய்த மழை செம்மண் கலங்கலாக வந்து சேருகிறது.

இப்படிப்பட்ட பிரதேசத்துக்கு, வானிலையையும் இயற்கை உற்பாதங்களையும் முன்கூட்டியே தெரிவிக்கும் செயலிகள் கைப்பேசியில் கிடைக்கத் தொடங்கியிருப்பதை நான் பெரும் பாக்கியமாகவே கருதுகிறேன். 1875ல் ஏற்படுத்தப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பு, நெடுங்காலம் வானொலியின் மாலைச் செய்தியிலும் மறுநாள் பத்திரிகையிலுமாக, ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும் என்ற அளவிலேயே கிராமங்களை வந்தடைந்தது. அந்த ஓரிரு இடங்களில் தம் ஊரும் ஒன்றா என்று அறிய வழியில்லாமலே உழவர்கள் மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கினார்கள், மக்காச்சோளத்தைக் களத்தில் காயவைத்தார்கள். 2020 ஜூலையில் வெளியிடப்பட்ட 'மௌசம்' செயலியும், உழவர்களுக்கென்று அதற்கு முந்தைய ஆண்டிலேயே வந்த 'மேகதூத்' செயலியும், மின்னலைக் காட்டுவதற்கென்று புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உண்டாக்கிய 'தாமினி'யும் அந்த நிலையைப் பெரிதும் மாற்றின. 2024ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகத் தமிழக அரசு வெளியிட்ட 'டி.என். அலர்ட்' செயலியோ, அடுத்துவரும் நாட்களின் வானிலையையும், பெய்த மழையின் அளவையும், அணைகளின் நீர்மட்டத்தையும், வெள்ள எச்சரிக்கையையும் தமிழிலேயே தருகிறது. இவற்றுள் நம் பகுதிக்கு மிகவும் பிரயோஜனமானது எதுவென்று கேட்டால், அணைகளின் நீர்மட்டம் காட்டும் அந்தப் பகுதியைத்தான் சொல்வேன்.

செயலியில் தோன்றும் சொற்களுக்கு நிச்சயமான அளவுகள் உண்டு என்பது பலருக்கும் தெரிந்திருக்கவில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் கனமழை, 11.56 சென்டிமீட்டரை எட்டினால் மிகக் கனமழை; 20.45 சென்டிமீட்டரை எட்டினால் அதி கனமழை. இருபது சென்டிமீட்டர் என்பது காதுக்கு அற்பமாகத் தோன்றலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் அம்மழை விழுந்தால் அது எட்டு லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் விழுந்தால் இருபது கோடி லிட்டர். அதில் மண் குடித்தது போக மீதியெல்லாம் ஓடைகளில் இறங்கியே தீரவேண்டும்.

ஆனால் இச்செயலிகள் எல்லாவற்றிலும், அவற்றின் அமைப்பிலேயே உள்ள ஒரு குறையை நம் ஜனங்கள் அறிந்துகொள்வது அவசியம். கைப்பேசி, தன்னை வைத்திருப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கண்டறிந்து, அந்த இடத்தின் வானிலையையே முதலில் காட்டுகிறது. சமவெளியின் நடுவில் வயல் வைத்திருப்பவருக்கு அது போதும். ஆற்றங்கரையில் வாழ்பவருக்கோ அது பாதி உண்மை. அவரைத் தேடி வரும் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறதோ, அந்த இடத்தின் மழையை அவர் பார்த்தாகவேண்டும். கச்சிராயபாளையத்தில் இருப்பவர் மலைமேலுள்ள வெள்ளிமலையின் மழையையும், ஆத்தூரில் இருப்பவர் அதே மலையிலுள்ள கருமந்துறையின் மழையையும், விருத்தாசலத்தில் இருப்பவர் கோமுகி, மணிமுக்தா அணைகளின் நீர்மட்டத்தையும் தாமே தேடி எடுத்துப் பார்த்தாலொழிய, எத்தனை நுட்பமான செயலியும் அவரைக் காப்பாற்றாது.

இதற்கு 2024ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயலைப்போல் வேறு சாட்சி வேண்டியதில்லை. நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய அப்புயல், வழக்கமாகப் புயல்கள் செய்வதுபோல் விரைந்து மேற்கே சென்று கலைந்துவிடாமல், மறுநாளெல்லாம் ஏறக்குறைய அசையாமல் நின்று மழையைக் கொட்டி, பிறகு வலுவிழந்து மெல்ல உள்நாட்டுக்குள் புகுந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அங்கே விழுந்த நீர் பாம்பாற்றின் வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, 119 அடி கொள்ளும் சாத்தனூர் அணையை நோக்கி வந்தது. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூரிலிருந்து வெளியேற்றப்பட்ட நீர் விநாடிக்கு 1,68,000 கன அடி. மூங்கில்துறைப்பட்டு, மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் என்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஆற்றங்கரை ஊர்களைத் தொட்டுக்கொண்டு சென்ற அந்தப் பிரவாகம், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் வீடுகளையும் விளைநிலங்களையும் மூழ்கடித்தது. அகரம்பள்ளிப்பட்டில் அவ்வாண்டு செப்டம்பரில்தான் திறக்கப்பட்டிருந்த உயர்மட்டப் பாலத்தையே அது அடித்துச் சென்றது.

அணை திறப்பதற்கு முன் ஐந்து முறை எச்சரிக்கை விடுத்ததாக அரசு சொல்லிற்று. முன்னறிவிப்பு இல்லாமலே திறந்துவிட்டதாக எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. அந்த அரசியல் வாதத்துக்குள் நுழைய எனக்கு விருப்பமில்லை. என் மனத்தை உறுத்துவது வேறு. எச்சரிக்கை நள்ளிரவில் ஒரு கைப்பேசித் திரையில் வந்து நின்றது என்றே வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய், டவர் அணைந்து, போர்வைக்குள் குழந்தைகளோடு உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது எப்படிச் சென்று சேர்ந்திருக்கும்? ஊத்தங்கரை மழைக்கும் தங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று, முந்தைய நாள் மாலையில் யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் அல்லவா அவர்கள் மேட்டுநிலம் நோக்கிப் புறப்பட்டிருப்பார்கள்!

அதே டிசம்பர் முதல் தேதியன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டது, செயலிகளின் இன்னொரு எல்லையைக் காட்டுகிறது. நிலச்சரிவை முன்னறிவிப்பதற்காக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலையில்தான் 'பூஸ்கலன்' என்னும் செயலியை வெளியிட்டிருந்தது. தமிழ்நாட்டில் அதன் அன்றாட அறிக்கை தொடக்கத்தில் நீலகிரி ஒன்றையே கவனித்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

மலைமேலே நிலைமை இன்னும் கடினம். நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்து, 1976ல்தான் முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்த மலை இது. 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இம்மலைவாசிகளின் வாழ்க்கை நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சாலையும் பிற வசதிகளும் பிற்பட்டே கிடந்தன. பாலமில்லாத ஓடைகளைக் கடந்து பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் போகவேண்டிய சிற்றூர்கள் இங்கே உண்டு. சிக்னல் கிடைக்கும் பாறை எது, மேடு எது என்று தேடிப்போய் நின்று பேசுகிற இடங்களும் உண்டு. சித்திரை வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் இருண்டுகொண்டு வரும் கோடை இடிமழைதான் இவர்களுக்கு மிகப் பெரிய சத்துரு. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் சில நிமிடங்களுக்கு முன் விழுந்த மின்னல்களைத் தாமினி காட்டுகிறது. சாமைக் கொல்லையில் களையெடுப்பவருக்கும், மாடு மேய்த்துப் புளியமரத்தடியில் ஒதுங்குகிறவருக்கும் அது உயிர்காக்கும் சாதனம். ஆனால் இணையம் வேண்டும். அது இல்லாத இடத்தில், மின்னலைக் கண்ட கணம் முதல் இடியோசை கேட்கும்வரை எண்ணிப் பார்க்கும் கணக்கைச் சொல்லித் தரவேண்டும்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர், முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மரத்தடியையும் வெட்டவெளியையும் விட்டு வீட்டுக்குள் புகுந்து, கடைசி இடி கேட்டபின்னும் அரைமணி நேரம் வெளியே வராதிருத்தல். மலைப்பள்ளிகளில் வாய்ப்பாட்டோடு இதையும் சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அது சாஸ்திரம் சம்பந்தப்பட்டது. கைப்பேசி காட்டும் மழைப்படம் ராடார்களின் கண்ணால் கண்டது. சென்னை ராடார் 2002 முதல் இயங்குகிறது. காரைக்காலிலும் ஒன்று உண்டு. கல்வராயன் மலை சென்னைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலும், காரைக்காலுக்கு ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறது. ராடாரிலிருந்து புறப்படும் அலைக்கற்றை நேராகச் செல்ல, பூமி வளைந்து கீழிறங்குவதால், காரைக்காலின் தாழ்ந்த கற்றைகூட இம்மலையை அடையும்போது சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. அதற்குக் கீழே, மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றால் திடீரென்று தடித்துப் பெய்யும் தாழ்ந்த மேகங்களின் முழு வலிமையை அது காண்பதில்லை. 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு ராடார்களும், 100 தானியங்கி வானிலை நிலையங்களும், 400 தானியங்கி மழைமானிகளும் அமைக்கப்படும் என்று தமிழக அரசு சொன்னதும், அந்த ராடார்களில் ஒன்றுக்கு ஏற்காடு தெரிந்தெடுக்கப்பட்டதும் இந்தக் காரணத்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தன. ஏற்காட்டிலிருந்து கல்வராயன் மலை கூப்பிடு தூரம்.

மழையைக் கண்டறிவது ஒரு பாதி. கண்டறிந்ததைக் காதில் சேர்ப்பது மறுபாதி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்த இரண்டாம் வேலையைத் தலைமுறை தலைமுறையாகத் தண்டோரா செய்துவந்தது. ஒரு மனிதரைத் தெருத்தெருவாக நடக்கவைத்துப் பறையடித்துச் சொல்லவைக்கும் அவ்வழக்கம் இனிக் கூடாதென்று 2022 ஆகஸ்டில் அரசு உத்தரவிட்டு, அதற்கு மாற்றாக வண்டிகளில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கச் சொன்னது முற்றிலும் நியாயம். அந்த வண்டி போகாத மலைப்பாதைகளுக்கு மட்டும் மாற்று இன்னும் சரியாக அமையவில்லை. 1970ஆம் ஆண்டுப் பெரும்புயலில் மூன்று லட்சம் பேருக்குமேல் இழந்த வங்கதேசம், அதன்பின் கடலோரக் கிராமங்களில் தொண்டர்களைத் திரட்டி, அவர்கள் கையில் கொடியும் ஒலிகுழலும் கொடுத்து வீடுவீடாக அனுப்பியது. செயற்கைக்கோளும் கைப்பேசியும் பெருகிவிட்ட இந்நாளிலும் அந்நாடு அத்தொண்டர் படையைக் கலைத்துவிடவில்லை.

நம் நாட்டில் 2023ல் சோதித்துப் பார்க்கப்பட்ட செல் பிராட்காஸ்ட் முறை இவ்விடத்தில் மிகவும் உதவும். ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் கைப்பேசிகளுக்கெல்லாம், எண்ணைத் தேடாமலும் செயலி வேண்டாமலும், உரத்த ஓசையோடு ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறை அது. அவ்வாண்டு அக்டோபரில் ஒருநாள் தமிழ்நாடெங்கும் கைப்பேசிகள் ஒருசேர அலறியதைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். கோமுகியும் மணிமுக்தாவும் திறக்கப்படும்போது, அவற்றின் கரையோர டவர்களில் மட்டும் அவ்வோசையை எழுப்பினால், மாவட்டம் முழுவதையும் வீணாகக் கலவரப்படுத்தவேண்டியதில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும், மாநிலத்தின் 1070 என்ற எண்ணையும் ஆற்றங்கரை வீடுகளின் சுவரில் பெரிதாக எழுதிவைக்கலாம்.

ஐப்பசி பிறப்பதற்குள் செய்துமுடிக்கத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு; அதற்குப் புதிதாக எந்தச் சாதனமும் வேண்டியதில்லை. வெள்ளிமலை வட்டாரத்தில் மழைமானியை அடைமழை இரவுகளில் மணிக்கொருமுறை பார்ப்பதற்கு ஒருவரை நியமித்து, அளவு மிகும்போது கரியாலூர் காவல் நிலையத்து வயர்லெஸ் மூலம் கோமுகி அணையிலிருக்கும் அலுவலருக்கும் அடிவாரத்துக் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் உடனே சொல்லச் செய்யவேண்டும். கச்சிராயபாளையத்திலும் அதற்குக் கீழே ஆற்றோரத்திலும் ஊருக்கு இருவராக, கைப்பேசியில் டி.என். அலர்ட் பார்க்கத் தெரிந்த இளைஞர்களை முன்னரே தெரிந்தெடுத்து, தாழ்ந்த பகுதியில் எந்தெந்த வீட்டில் முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைப்பேசியே இல்லை என்ற பட்டியலை அவர்களிடம் கொடுத்துவைக்கவேண்டும்.