அளவெடுத்துச் செய்த சைக்கிள்

சட்டைக்கு அளவெடுத்துத் தைக்கிறோம். சைக்கிளுக்கும் அப்படி அளவெடுப்பதுண்டு, சகோதரிகளே! பாரிஸ் நகரையடுத்த லெவல்வா-பெரேயில் பட்டறை வைத்திருந்த ரெனே ஹெர்ஸ் இதில் பேர்பெற்றவர்.

முன்னர் விமானத் தொழிலில் கைதேர்ந்த இவர், ஓட்டுபவரின் கால், கை நீளத்துக்கேற்ப மெல்லிய உருக்குக் குழாய்களை வெட்டிப் பொருத்திப் பிரேம் அமைப்பார். நாம் வாங்கும் வண்டிகளுக்கு மட்காட், கரியர், லைட் எல்லாம் பிறகுதான் பூட்டுகிறோம். சில மாதங்களில் அவை கடகடவென்று ஆடும். (அந்தச் சத்தம் கேட்டே வாப்பா வருவதை அறியும் பிள்ளைகளும் உண்டு.) ஹெர்ஸின் வண்டியிலோ இவையனைத்தும் ஆரம்பத்திலேயே பிரேமோடு சேர்த்துத் திட்டமிடப்பட்டவை. பிரேக்கையும் கிராங்கையும்கூடத் தாமே வடிவமைத்தார். வெறும் அழகுக்காக அல்ல. 1,200 கிலோமீற்றர் நீளமான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பாதையில் இரவு பகலாக ஓட வேண்டிய வண்டிகள் அவை.

மகள் லிலி பட்டறையோடு வளர்ந்தவர். வாப்பா செய்த வண்டியில் ஏறிப் பலமுறை பிரான்ஸின் சம்பியனானார். சக்கரத்துக்குக் கம்பி கோப்பதிலும் தேர்ந்தவர். மகளிடம் கைத்தொழிலை நம்பி ஒப்படைக்கும் தந்தையர் எத்தனை பேர்? 1976இல் ஹெர்ஸ் காலமானதும், அங்கேயே பிரேம் செய்துவந்த தன் கணவரோடு பட்டறையை நடத்தியவர் லிலிதான். தொழிற்சாலை வண்டிகளின் மலிவு விலைக்கு முன் இத்தகைய பட்டறைகள் நிலைப்பது கடினம். 1980களில் அதுவும் மூடப்பட்டது. 2018இல் லிலியும் காலமானார். அந்த வண்டிகளில் பல இன்றும் ஓடுகின்றன.