அம்மம்மாவின் செபமாலை

சில்லாலையிலே பொழுதுபட்டு விளக்கேற்றியதும் எங்கள் அம்மம்மா செபமாலையைக் கையிலெடுப்பார். 53 அருள்நிறை மந்திரங்களும் முடியுமுன் எவருக்கும் சோறு கிடையாது. பசியால் நாங்கள் முணுமுணுத்ததும் உண்டு.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின், குருமாரின்றித் தவித்த மக்களுக்கு வீட்டுச் செபமே பெருந்துணை. 1687இல் வந்த புனித யோசவ்வாஸ் அடிகள் இவ்வூரிலே தங்கியதை, அம்மம்மா நேற்று நடந்ததுபோற் சொல்லுவார்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி, போர் நெருங்கவே, வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நகைப்பெட்டியை மறந்த அம்மம்மா செபமாலையை மறக்கவில்லை. நெரிசலில் அது அறுந்தது. கைக்கெட்டிய மணிகளை முந்தானையில் முடிந்துகொண்டு, விரல்களில் எண்ணிச் செபித்தபடியே நடந்தார். அன்று நாங்களும் முணுமுணுக்காமல் மறுமொழி சொன்னோம்.

அம்மம்மா மறைந்தபின் அம்மாலை எங்கள் அன்னையிடம் இருக்கிறது. அதில் ஏழு மணிகள் குறைவு.